இரண்டாவது அடியில் வெடிக்கும் தோட்டா

எனக்குக் கோபம் வந்தால் கை பேனாவைத் தேடும். மற்றவர்கள் கத்துவார்கள், கதவை அறைந்து சாத்துவார்கள். நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறவளுக்கு வேறு எந்தப் புத்தி வரும்? குறை என்ன என்று சீட்டில் எழுத வேண்டும், அது யாரால் வந்தது என்று எழுத வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கத்தால் ஒரு நல்ல மனிதருக்கு நான் செய்த காரியத்தை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுடப் போவேன். இதைச் சொன்னால் எங்கள் லைனில் இருக்கும் பெண்கள் இன்றைக்கும் தோசையா அப்பமா என்று கேட்பார்கள். கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தது. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஷிப்ட் என்று அது எங்கேயோ போய்விட்டது. நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு நாள், வேலூரில் ஒரு சுடும் கிளப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கேள்விப்பட்டேன். யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டேன். அமிர்தி போகும் சாலையில், பாறை மலைக்கு முதுகு கொடுத்தாற்போல இருக்கிறது அந்தத் திடல். ஆம்பூரில் பஸ் ஏறி, வேலூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

என்னிடம் சொந்தத் துப்பாக்கி கிடையாது. கிளப்பின் பழைய ரிவால்வர் ஒன்றுதான் எனக்குக் கதி. பாயின்ட் டூ டூ தோட்டா, எட்டு அறை, ஓரமெல்லாம் கறுப்பு தேய்ந்து வெள்ளையாகிவிட்ட கிழம். மற்றவர்கள் எல்லாம் புதுப் பிஸ்டலுக்கு மாறிவிட்டார்கள். அதனால் அது கிட்டத்தட்ட என்னுடையது மாதிரிதான்.

இந்தச் சின்னத் தோட்டாவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பெரிய தோட்டாவுக்கு மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். இதற்கு அப்படி இல்லை. அடியில் தட்டு விளிம்பு மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறதே, அதற்குள்தான் பற்றும் மருந்து இருக்கிறது. ரிவால்வரின் ஊசி அந்த விளிம்பை அறையின் ஓரத்தோடு வைத்து நசுக்க வேண்டும். நசுங்கினால் பொறி, நசுங்காவிட்டால் ஒன்றுமில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த ஒன்றுமில்லாதது ஆரம்பித்தது. குறி பார்த்து விசையை இழுத்தால் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்பதால், குழாயை இலக்கைவிட்டு அசைக்காமல் மனதுக்குள் முப்பது எண்ண வேண்டும். அப்புறம்தான் கை தூக்கலாம். அந்த முப்பதையும் நான் எண்ணிய விதத்தைப் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருந்தால் கிளப்பைவிட்டே நீக்கியிருப்பார்கள். ஒரு ஞாயிறு இரண்டு தோட்டா வெடிக்கவில்லை, அடுத்த ஞாயிறு ஐந்து, அதற்கடுத்தது நான்கு.

மாசி கடைசியில் மாவட்டத் தேர்வு. மூன்று பேரை எடுப்பார்கள். ஒரு முறை பழுது என்று கை தூக்கினால் மறுபடி சுட விடுவார்கள். அதற்கு மேல் வெடிக்காத தோட்டாவுக்குப் பூஜ்யம்தான். கிளப் செயலாளர், தொழிலால் வக்கீல், இன்னொன்றும் சொன்னார். தேர்வு நாளிலும் அந்த ரிவால்வர் இப்படியே மக்கர் செய்தால் கமிட்டியில் வைத்து அதைக் கழித்துக் கட்டிவிடுவார்களாம். அது போனால் என் ஞாயிற்றுக்கிழமையும் போனது. நாற்பத்து மூன்று வயது அம்மாவுக்குப் புதுப் பிஸ்டல் வாங்கிக் கொடுக்க எந்தக் கமிட்டியும் கூட்டம் போடாது. விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தொழிற்சாலையில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் நாங்கள் மெஷினுக்கு மெஷின் நம்பர் போட்டுப் பிரிப்போம். அதையே இங்கும் செய்தேன். தோலில் கோடு போடும் சில்வர் பேனாவால் எட்டு அறைக்கும் ஓரத்தில் நம்பர் போட்டேன். எந்த அறையில் எந்தத் தோட்டா வெடிக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு அறை மட்டும் கெட்டிருந்தால் அதே நம்பர் திரும்ப வர வேண்டும். வரவில்லை. இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்று, நான்கு என்று எல்லாம் கலந்து வந்தது. அப்படியானால் தோட்டா மோசமா? அதே பெட்டியில் வந்த தோட்டாக்களை, அட்டையைப் பிரித்த கையோடு, ஒரு கல்லூரிப் பெண் தன் பிஸ்டலில் சுட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. மிச்சம் இருப்பது உள்ளே இருக்கும் ஸ்பிரிங். ஸ்பிரிங் என்றால் அதைத் தொட்ட கை.

தொட்ட கை கிளப்பின் ஆர்மரருடையது. ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். பேரணாம்பட்டுப் பக்கம் கிராமம். அதிகம் பேச மாட்டார், பேசினாலும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். பொங்கலுக்கு முன் அந்த ரிவால்வரைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டியது அவர்தான். அதற்குப் பிறகுதான் தகராறு. எனக்குக் கணக்கு நேராக வந்தது.

அவரிடமே கேட்டேன். விசை லேசாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. வெடிக்காமல் போன தோட்டாக்களை மறுபடி அடித்தால் என்ன ஆகிறது என்று கேட்டார். வெடிக்கிறது என்றேன்.

"ரெண்டாவது அடியில வெடிக்குதுன்னா, மொத அடி எங்கயோ வீணாப் போவுதும்மா. ஸ்பிரிங்கு வீக்கா இருந்தா ரெண்டாவது அடி மட்டும் எப்டி பலமா விழும்? நான் ஸ்பிரிங்க தொடல. உங்க தோட்டாவையும் அந்தப் பையையும் ஒரு தபா காட்டுங்க."

அங்கேதான் எனக்கு ஏறியது. அந்தப் பை என் கையால் தைத்தது. தொழிற்சாலையின் சாம்பிள் அறையில் மிஞ்சிய தோல். ரசாயனம் போட்ட நீலத் தோல் இல்லை, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு எண்ணெய் ஊட்டிய அசல் சரக்கு. ஐம்பது தோட்டாவுக்கு ஐம்பது வளையம், விளிம்புக்குக் கீழே கச்சிதமாகக் கவ்விப் பிடிக்கிற மாதிரி. வேலூர் லாங் பஜாரில் அலைந்து வாங்கிய பித்தளைப் பொத்தான். பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். கிளப்பில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். தோட்டாவை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால், சுட்டு மிஞ்சியதை அந்த வளையங்களில் செருகிப் பையைக் கிளப்பின் இரும்பு அலமாரியிலேயே வைத்துவிடுவேன். அந்தப் பையைக் காட்டச் சொன்னது, தன் தப்பை என் தலையில் கட்டப் பார்க்கிற வேலையாக எனக்குப் பட்டது. ஆம்பூர்க்காரியிடம் தோலைப் பற்றிக் கேட்பதா? காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளப்பில் பழுதுப் பதிவேடு ஒன்று உண்டு. ஆயுதம், பழுது, காரணம், கையொப்பம் என்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில், ஆர்மரரின் தவறான பராமரிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போதாததற்குச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதமும் கொடுத்தேன். அவர் வக்கீல் அல்லவா, எழுத்து என்றால் பயந்துவிட்டார். விசாரிக்கும்வரை ஆர்மரர் எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆர்மரர் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடுத்த ஞாயிறு அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் காது மூடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நியாயம் என் பக்கம் இருப்பதாக நினைக்கும்போது முகத்தைத் திருப்புவது எவ்வளவு சுலபம்!

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை. செக்கிங் மேஜையில் ஏற்றுமதிக்கான பூட்ஸ் வந்தது. கயிறு கோக்கும் பித்தளை ஐலெட்டைச் சுற்றித் தோலில் பச்சையாக ஒரு வளையம். பக்கத்து மேஜைப் பெண் ஒரு ஜோடியைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இதுலயும் களிம்பு ஏறிக்கிச்சு, இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

இது எங்களுக்குப் பழகின தலைவலி. பட்டைத் தோலில் இருக்கிற புளிப்பும் எண்ணெயும் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையைத் தின்னும். செம்புக் குடத்தில் ஏறுகிறதே, அதே களிம்புதான். ஐலெட்டுக்கு மேல்பூச்சு சரியாக இல்லையென்றால் பதினைந்து நாளில் பச்சை கட்டிவிடும். ஒதுக்கி வை, சீட்டு எழுது என்று நானே ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். கட்டைவிரலால் அந்தப் பச்சையைத் தேய்த்தேன். மெழுகு மாதிரி வழுக்கலாக வந்தது. விரலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

தோட்டாவின் கூடும் பித்தளைதான். போன மாதம் என் பையின் பொத்தானில் பச்சை கட்டியிருக்கிறது என்று கிளப்புக்குப் புளி கொண்டுபோய்த் தேய்த்தவள் நான்தான். தோட்டாக்களில் விளிம்புக்குக் கீழே ஏதோ பிசுபிசுவென்று இருந்ததையும் பார்த்திருக்கிறேன். இந்தத் தோட்டாவுக்கு மேலே மெழுகு பூசி வருவதால் அதுதான் என்று விட்டுவிட்டேன். சில சமயம் அறையில் போடும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், எட்டு அறையும் உள்ள சிலிண்டர் சுழலும்போது லேசாக இழுத்துப் பிடிக்கும். எல்லாம் தெரியும். பொங்கலை ஒட்டி இரண்டு காரியம் புதிதாக நடந்திருந்தது. ஆர்மரர் ரிவால்வரைத் துடைத்தார், நான் பை தைத்தேன். நான் ஒன்றை மட்டும் எண்ணினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆனாலும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசக் கூடாது. ஒரு முறை பேசிப் பட்டது போதும். தோட்டா வீட்டில் கிடையாது, பையும் அலமாரியில். அன்று மாலை அதே தோலில் ஒரு துண்டு வெட்டினேன். பூச்சு இல்லாத ஐந்து பித்தளை ஐலெட்டை அதில் இறுக்கிக் கோத்து, லேசாக ஈரம் காட்டி டிபன் பாக்ஸில் மூடி வைத்தேன். வீட்டுக்காரர் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்கு இதுதான் எனக்குச் சாப்பாடா என்று கேட்டார். வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை ஓரம் மங்கியது. சனிக்கிழமை மாலை திறந்தபோது ஐந்திலும் பச்சை. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நொடிகூட இல்லை.

ஞாயிறு முதல் பஸ்ஸில் போய்விட்டேன். செயலாளர் எனக்கு முன்பே வந்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. வெளியூர் மெக்கானிக்கை வைத்து முந்தின நாள் ரிவால்வருக்குப் புது ஸ்பிரிங் போட்டுவிட்டாராம். புது அட்டை ஒன்றைப் பிரித்து ஐந்து தோட்டாவைக் கொடுத்து, சுட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டேன். ஐந்தும் வெடித்தன.

"பாத்தீங்களா மேடம், நீங்க எழுதினதுதான் கரெக்ட். ஸ்பிரிங்குதான் காரணம்னு ப்ரூவ் ஆயிடுச்சு. கமிட்டியில அவர அனுப்பிச்சிட்டு வேற ஆள் போட்டுடலாம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் என் வாய் திறக்கவில்லை. பழைய தோட்டாக்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டால் போதும். புதுத் தோட்டாவோடு ரிவால்வர் வெடிக்கும், தேர்வு நடக்கும், ரிவால்வர் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். எதுவுமே சொல்லாமல் இருந்தாலே போதும். அது வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் வாசலில் நாற்காலியில் இருக்கிறவர் குற்றவாளி என்று தானாக நிரூபணம் ஆகிக்கொண்டே இருக்கும். இதைவிட வசதியான பொய்யை நான் பார்த்ததில்லை. அவர் காது மூடிகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

அலமாரியைத் திறந்து என் பையை எடுத்தேன். ஒரு தோட்டாவை உருவினேன். விளிம்புக்குக் கீழே, என் வளையம் கவ்வியிருந்த அதே அகலத்துக்கு, பச்சை. செயலாளரிடம் காட்டி, ஸ்பிரிங் இல்லை, காரணம் என் பை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னும் அரை மணியில் தேர்வு, இதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். இப்போதே பேச வேண்டும், ஆர்மரரைக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் நான் சுடப்போவதில்லை என்றேன். தேர்வுக்கு வந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். எல்லோரும் அறியத்தானே அவர்மேல் குற்றம் சொன்னேன்.

ஆர்மரர் வந்தார். நான் பையை நீட்டினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன், அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தோட்டாவை மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். பிறகு செயலாளரைப் பார்த்து, "தொடலாமா சார்?" என்று கேட்டார். செயலாளர் தலையை ஆட்டினார்.

சிலிண்டரைத் தனியாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். புதுத் தோட்டா ஒன்றை ஒரு அறையில் விட்டார். நழுவிப் போய் விளிம்புவரை உட்கார்ந்தது. என் தோட்டாவை அடுத்த அறையில் விட்டார். போய் நின்றது, ஆனால் முழுதும் உட்காரவில்லை. விளிம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி. கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போனது.

"இதான் மொத அடி செய்ற வேல. தோட்டாவ உள்ள தள்றதுக்கே சரியாப் போயிடுது. நசுக்கறது ரெண்டாவது அடிதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சிலிண்டரிடம்தான் சொன்னார்.

பிறகு மெல்லிய பிரஷ்ஷை ஒவ்வொரு அறையிலும் விட்டுச் சுழற்றி, வெள்ளைத் துணியைச் சுருட்டி இழுத்தார். என் தோட்டாக்கள் உள்ளே ஈஷிவிட்டுப் போன களிம்பை எடுக்கத்தான். என் சில்வர் பேனா நம்பர்படி ஒன்று முதல் ஐந்துவரை துணி சுட்ட கரியோடு கறுப்பாக வந்தது. ஆறு, ஏழு, எட்டில் பச்சையாக வந்தது. காலையில் நான் சுட்டுப் பார்த்தது ஐந்து அறையை மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு தேர்வில் நின்றிருந்தால் அந்த மூன்று அறையில் ஒன்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் துணியை நான் பார்க்கிற மாதிரி மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான். களிம்பேறிய தோட்டாக்களை எண்ணித் தனி டப்பாவில் போட்டு மூடினார்.

சுட்டேன். சுற்றுக்கு ஐந்தாக முப்பது தோட்டாவும் வெடித்தன. முதல் ஐந்தில் இரண்டு வெளியே போனது. அதன் பிறகு நிதானத்துக்கு வந்தேன். ஆனாலும் நான்காவது இடம்தான் கிடைத்தது. இந்த முறை ஸ்பிரிங்கையோ தோட்டாவையோ சொல்ல முடியாது, சுட்டவள் நான். வருத்தம் இருந்தது. வீட்டுக்குப் போய் அழவும் செய்தேன். ஆனால் பதில் சொல்ல முடியாத வருத்தம் இல்லை அது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அவரிடம் போனேன். மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று மறுபடி சொன்னேன். ரிவால்வரை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வாயால சொன்னா போயிடும்மா. எழுதி வெச்சது அங்கயே இருக்கும். நாளைக்கு வர்றவன் அதத்தான் படிப்பான்."

பதிவேட்டை எடுத்து வைத்தேன். செயலாளரை அழைத்துச் சாட்சிக்கு நிற்கச் சொன்னேன். நான் எழுதியிருந்த வரி மேலே ஒரு கோடு போட்டேன். அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி, ஒரே கோடு. தொழிற்சாலையில் தப்பான சீட்டைத் திருத்துவது அப்படித்தான், கிறுக்கி மறைக்கக் கூடாது. காரணம் என்ற கட்டத்தில், தோட்டாக்களைத் தோல் பையில் வைத்ததால் களிம்பு ஏறியது, பராமரிப்பில் குறை இல்லை என்று எழுதினேன். யாரால் என்று அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. பக்கத்தில் நானே ஒரு கட்டம் வரைந்து, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் படித்தார். மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். ரிவால்வரை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அடுத்த ஞாயிறு சீக்கிரம் வாங்க. எட்டு அறையும் சுட்டுப் பாக்கணும்" என்றார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.